எட்டுக் கடிகாரங்களும் சேர்ந்து சொன்ன பொய்

பெங்களூர் அல்சூரில் இரண்டு மாடி வீடு கட்டியவன் நான். அஸ்திவாரத்துக்குத் தோண்டிய இடத்தில் பாறை வந்தது, மேஸ்திரி கையை விரித்துவிட்டுப் போனான், நான் கட்டினேன். யாரிடமும் வேலை கற்றுக்கொள்ளாமல், எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், சுற்றப் பழகினேன். பீன்யாவில் எங்கள் தொழிற்சாலைக்கு ஜெனரேட்டர் வந்து இறங்கியபோது அதை ஓட்டிக் காட்ட வரவேண்டிய ஆள் வரவே இல்லை. மூன்றாம் நாள் நான் ஓட்டினேன். இரண்டு பெண்களைக் காலேஜுக்கு அனுப்பினேன். இவ்வளவையும் ஐந்தாம் வகுப்பை வைத்துக்கொண்டு செய்தேன். அந்த ஐந்திலும் கடைசி ஆறு மாதம் நான் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை.

"ஏழுமலை ரொம்பத் தற்பெருமை பேசுகிறார்" என்று ஒரு வாசகர் ஆசிரியருக்குக் கடிதம் போட்டிருக்கிறார். போடட்டும். பேச எனக்கு இருக்கிறது, பேசுகிறேன். இல்லாதவர்கள் அடக்கமாக இருக்கலாம்.

ஆனால் இந்த வாரம் சொல்லப்போவதை இத்தனை வருஷமாக நான் யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை. நான் செய்ததிலேயே பெரிய வேலை அதுதான். ஏன் சொல்லவில்லை என்பதும் இதிலேயே வரும்.

டைம் ஆபீஸ் ஜன்னல்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம். பீன்யாவில் தகரக் கூரை போட்ட ஷெட்டுகள் எல்லாம் வெந்துகொண்டிருக்கும் காலம். எங்கள் தொழிற்சாலையில் சின்ன மோட்டார்கள் செய்தோம். வாசலை ஒட்டினாற்போல் டைம் ஆபீஸ். அதன் கம்பி ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் இடது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மணிக்கட்டில் கறுப்புப் பட்டை போட்ட சின்ன வாட்ச்.

அவள் கலாவதி. காயில் சுற்றும் பிரிவில் வேலை. எங்கள் அல்சூர்க்காரிதான், கணவன் இல்லை, மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. ஜன்னலுக்கு உள்ளே ரங்கப்பா, டைம் ஆபீஸ் கிளார்க். வருகைப் பதிவேடு, கேட் பதிவேடு, சங்கு ஊதும் பொத்தான் மூன்றும் அவர் பொறுப்பு. அவர் தலைக்கு மேலே பெரிய வட்டக் கடிகாரம், வெளிர்மஞ்சள் முகத்தோடு.

"மணி நாலரை சார். என் ஷிப்ட் முடிஞ்சுபோச்சு" என்கிறாள் கலாவதி.

"நாலு இருபது" என்கிறார் ரங்கப்பா, தலையைத் திருப்பாமல், கட்டை விரலால் மேலே காட்டி.

"உங்க கடியாரம் ஸ்லோ சார்."

"ஏனம்மா, கம்பெனியில எட்டுக் கடியாரம் இருக்கு. எட்டும் நாலு இருபதுதான் சொல்லுது. உன் கையில இருக்கிற ஒண்ணுதான் நாலரை சொல்லுது. நான் எதைக் கேக்கட்டும்?"

கலாவதி வாட்ச்சைக் காதில் வைத்துக் கேட்டாள். அப்புறம் விறுவிறுவென்று கேட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப்புக்கு ஓடினாள். ரங்கப்பா கேட் பதிவேட்டை இழுத்து அவள் பெயரை எழுதினார். அது மூன்றாவது முறை.

நான் அப்போது ஏணி மேல் நின்று அந்த ஆபீஸின் டியூப்லைட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன். சிரித்தேன் என்றும் ஞாபகம்.

ஊசி முள் நிற்காமல் ஓடும்

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்தி, அந்தக் கடிகாரங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கடிகாரம் என்றால் செல்போனில் வரும் நாலு எண். அதுவும் இல்லாவிட்டால் பேட்டரி போட்ட பிளாஸ்டிக் தட்டு.

இது வேறு ஜாதி. நேராகக் கரண்டில் ஓடுவது. சாவி கொடுக்க வேண்டாம், பேட்டரி வேண்டாம். பிளக்கைச் சொருகினால் ஓடும். டிக் டிக் என்ற சத்தம் கிடையாது. நொடி முள் விட்டுவிட்டுக் குதிக்காது. எண்ணெய் வழிகிற மாதிரி ஒரே சீராகச் சுற்றிவரும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நேரம் போவது கண்ணுக்குத் தெரியும். காதைக் கிட்டே கொண்டுபோனால் மெலிசாக ஒரு ரீங்காரம். பின்பக்கம் கையை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும், பூனையின் வயிற்றைத் தொட்ட மாதிரி. சூடேறிய வார்னிஷ் வாசனை வரும். எனக்கு அந்த வாசனை சாம்பிராணியைவிடப் பிடிக்கும்.

என் வீட்டு ஹாலில் இன்றைக்கும் பதினொரு கடிகாரம் தொங்குகிறது, எல்லாம் கரண்ட் கடிகாரம். சிவாஜிநகர் பழைய சாமான் கடையில் முகம் உடைந்து கிடந்தவை, மூடிப்போன சினிமா தியேட்டரிலிருந்து வந்தவை. ஒவ்வொன்றுக்கும் காயில் சுற்றி உயிர் கொடுத்தவன் நான்.

அதில் ஒன்று கொஞ்சம் கிறுக்கு. கரண்ட் போய் வந்தால் தானாகக் கிளம்பாது. பின்னால் உள்ள திருகைச் சுண்டிவிட வேண்டும். சுண்டுகிற தோரணை தப்பினால் பின்பக்கமாக ஓட ஆரம்பித்துவிடும். ஒரு நாள் நான் வேலைக்குப் போன பிறகு என் மனைவி சரோஜா அதைச் சுண்டியிருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது மணி காலை ஆறு.

"வாங்க வாங்க. நீங்க இன்னும் வேலைக்கே போகல. பல்லு விளக்கிட்டு வாங்க, காப்பி தர்றேன்" என்றாள்.

மகள் ஒருத்தி சிவப்பு எண் எரிகிற டிஜிட்டல் கடிகாரம் ஒன்று வாங்கி வந்தாள். கரண்ட் போய் வந்ததும் அது பன்னிரண்டு, பூஜ்ஜியம், பூஜ்ஜியம் என்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டே நிற்கும். நடந்தது எதுவும் அதற்கு ஞாபகமில்லை. என் கடிகாரமோ, கரண்ட் போன நிமிஷத்திலேயே முள்ளை நிறுத்தி வைத்திருக்கும். "மூணு பத்துக்குப் போச்சு" என்று வீட்டுக்கு வருகிறவனிடம் சொல்லும். நின்றாலும் ஒரு செய்தி சொல்லிவிட்டு நிற்கிற சாமான் அது.

ஆனால் ஓடும்போது அது சொல்கிற செய்தி ஒன்று உண்டு. அதுதான் எனக்கு அப்போது தெரியாமல் போனது.

பஸ்காரனுக்குக் கிடைத்த திட்டு

எங்கள் தொழிற்சாலையில் ஒரு பழக்கம். காலை ஏழரைக்கு ரங்கப்பா சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவைத் திறப்பார். செய்திக்கு முன்னால் பீப் பீப் என்று வருமே, அதைக் கேட்டு டைம் ஆபீஸ் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார். பிறகு நீளமான கம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு ஷெட் ஷெட்டாகப் போய், கடிகாரத்துக்கு அடியில் இருக்கும் திருகைக் கம்பு நுனியால் சுற்றி எல்லாவற்றையும் சரிசெய்வார். ராத்திரியில் கரண்ட் போய்ப் போய் வருவதால் கடிகாரங்கள் காலையில் பின்தங்கித்தான் நிற்கும். அதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

இன்னொரு பழக்கம், சாயங்காலம். சங்கு ஊதியதும் முந்நூறு பேரும் என்ன செய்வார்கள் தெரியுமா? காலையில் கம்பெனிக் கடிகாரத்துக்கு வைத்த கை வாட்ச்சை நாலரைக்குத் திருப்பி வைப்பார்கள். "இந்த வாட்ச் ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் ஓடிப்போயிடுது" என்று அலுத்துக்கொள்வார்கள். நானும் செய்திருக்கிறேன். கம்பெனி சங்கு தப்பாக ஊதும் என்று எவனுக்குத் தோன்றும்?

நாலு நாற்பதுக்கு சிவாஜிநகர் போகிற பஸ் ஒன்று உண்டு. நாங்கள் ஸ்டாப்புக்குப் போய்ச் சேரும்போது அதன் பின்புகைதான் தெரியும். "பாவி முன்னாடியே எடுத்துட்டுப் போயிட்டான்டா" என்று டிரைவரின் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். பல வருஷம் அந்த மனிதர் வாங்கிய திட்டு கொஞ்சமல்ல. அடுத்த பஸ் ஐந்து இருபதுக்கு. டீ குடித்துக்கொண்டு நிற்பார்கள்.

கலாவதியால் டீ குடித்துக்கொண்டு நிற்க முடியாது. அவள் குழந்தை அல்சூரில் ஒரு பால்வாடியில் இருந்தது. ஆறு மணிக்கு ஆயா பூட்டிவிட்டுப் போய்விடுவாள். இரண்டு முறை குழந்தையைப் பூட்டிய கதவுக்கு வெளியே படியில் உட்கார வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இரண்டாவது முறை கலாவதி போனபோது குழந்தை படியில் இல்லை. ஏரிக்கரைப் பக்கம் நடந்து போயிருந்தது. பூக்கடைக்காரி ஒருத்தி பிடித்து உட்கார வைத்திருந்தாள்.

அதற்குப் பிறகுதான் அவள் சங்குக்குக் காத்திருப்பதை விட்டாள். காலையில் ரேடியோ பீப்புக்கு வாட்ச்சை வைப்பாள். சாயங்காலம் வாட்ச் நாலரை காட்டினால் எழுந்து போய்விடுவாள். முந்நூறு பேரில் தன் வாட்ச்சைச் சங்குக்காகத் திருப்பாதவள் அவள் ஒருத்திதான்.

மூன்றாவது முறை எழுதியதும் சார்ஜ் ஷீட் வந்தது. நேரத்துக்கு முன் வெளியேறியது, கேட்டால் கடிகாரம் தப்பு என்று பொய் சொன்னது. விசாரணை வைத்தார்கள். வேலை போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

என் கையெழுத்து

மின்சாரப் பிரிவுக்கு ஓர் இன்ஜினியர் இருந்தார். மைசூர்ப் பக்கத்துக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார், கெட்டவர் இல்லை. அவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏழுமலை, அந்த டைம் ஆபீஸ் கிளாக்கைக் கழட்டிப் பாருங்க. சரியா ஓடுதான்னு ஒரு ரிப்போர்ட் வேணும்."

கழற்றினேன். தூசி தட்டினேன், பல் சக்கரத்துக்குச் சொட்டு எண்ணெய் விட்டேன். காயில் சுற்றும் பிரிவுக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் மாட்டி, இரண்டையும் ஒரே மணிக்கு வைத்து இரண்டு நாள் ஓடவிட்டேன். ஒரு நொடி வித்தியாசம் இல்லை. இரண்டு முள்ளும் ஜோடி மாடு மாதிரி சேர்ந்து நடந்தன.

எனக்கு ஒரே பெருமை. "பாருங்க சார், நான் சர்வீஸ் பண்ணினா எப்படி இருக்குன்னு" என்றேன்.

இன்ஜினியர் ஆங்கிலத்தில் டைப் அடித்த காகிதம் ஒன்றைக் கொடுத்தார். கடிகாரம் சோதிக்கப்பட்டது, சரியாக ஓடுகிறது என்று அதில் இருப்பதாகப் படித்துச் சொன்னார். நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். வ. ஏழுமலை. சுழி போட்டு, அடியில் கோடு இழுத்து.

மறுநாள் கேன்டீனில் கலாவதி என் எதிரே வந்து தட்டை வைத்தாள்.

"கையெழுத்துப் போட்டுட்டியாமே அண்ணா."

"உள்ளதைத்தானம்மா போட்டேன். ரெண்டு நாள் டெஸ்ட் பண்ணேன்."

"எத வெச்சி டெஸ்ட் பண்ணே?"

"இன்னொரு கடியாரத்த வெச்சு."

"அதுவும் கரண்ட் கடியாரமா?"

"ஆமா."

"திருடனைப் பத்தி அவன் தம்பிகிட்டயே விசாரிச்சுக்கினு வந்திருக்கே" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போனாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஏழாவதோ எட்டாவதோ படித்த பெண், மோட்டார் பிரிக்கத் தெரியாதவள், என் டெஸ்ட்டைக் கேலி செய்கிறாளே என்று.

ஜெனரேட்டர் ஓடிய புதன்கிழமை

அந்த வெயிலில் கரண்ட் தட்டுப்பாடு. வாரத்தில் ஒரு நாள் தொழிற்சாலைகளுக்கு முழு நாளும் கரண்ட் கிடையாது. எங்களுக்குப் புதன்கிழமை. மற்ற வாரம் எல்லாம் அன்று லீவு விட்டு ஞாயிற்றுக்கிழமை வேலை வைப்பார்கள். அந்த வாரம் அவசர ஆர்டர் ஒன்று இருந்ததால் ஜெனரேட்டரை ஓட்டச் சொன்னார்கள். காலை ஏழு மணியிலிருந்து நான் ஜெனரேட்டர் ஷெட்டிலேயே இருந்தேன்.

சாயங்காலம் சங்கு ஊதியது. கலாவதி ஷெட் வாசல் வழியாகப் போனவள் நின்றாள். கையைத் தூக்கி வாட்ச்சைக் காட்டினாள்.

"இன்னாண்ணா, இன்னிக்கு மட்டும் உன் கடியாரம் என் வாட்ச்சைக் கேட்டு நடக்குது?"

எட்டிப் பார்த்தேன். நாலரை. சங்கும் நாலரை. ஒரு நிமிஷம் கூட வித்தியாசம் இல்லை.

மறுநாள் காலையில் எல்லோரும் சந்தோஷமாக வந்தார்கள். நேற்று நாலு நாற்பது பஸ்ஸிலேயே இடம் பிடித்துப் போனார்களாம். "டிரைவருக்கு நேத்துதாண்டா நல்ல புத்தி வந்துச்சு, சரியான டைமுக்கு வந்தான்" என்று பேசிக்கொண்டார்கள்.

நான் நேராக ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் போனேன். அதன் பலகையில் ஒரு மீட்டர் உண்டு. முள் கிடையாது, சீப்பு மாதிரி வரிசையாகப் பல் இருக்கும். கரண்ட் ஒரு செகண்டுக்கு எத்தனை தரம் துடிக்கிறதோ அந்தப் பல் மட்டும் நடுங்கும். துடிப்பு ஐம்பது இருக்க வேண்டும். ஜெனரேட்டரை ஓட்டும்போது நான் அதை ஐம்பதில்தான் நிறுத்துவேன், அதில் எனக்குச் சமரசமே கிடையாது. ஸ்விட்சைத் திருப்பி, வெளியிலிருந்து வருகிற கரண்ட்டை அதில் காட்டினேன். ஐம்பதாவது பல் சும்மா இருந்தது. நாற்பத்தெட்டும் அதற்கு அடுத்ததும் நடுங்கின.

 துடிப்பு குறைந்தால் மோட்டார் மெதுவாகச் சுற்றும். இது எனக்குக் காதாலேயே தெரியும். வெயில் காலத்தில் லேத் மோட்டார்கள் சுருதி இறங்கித்தான் பாடும். கடிகாரத்துக்குள் இருப்பது என்ன? ஸ்பிரிங்கா? கட்டை விரல் அளவு மோட்டார்! நானே எத்தனை முறை பிரித்திருக்கிறேன்! தெற்கே உள்ள நாலு மாநிலத்துப் பம்புசெட்டும் தொழிற்சாலையும் ஒரே கரண்ட்டைப் பிடித்து இழுக்கும்போது கரண்ட் தள்ளாடுகிறது. அதோடு சேர்ந்து எட்டுக் கடிகாரமும் தள்ளாடுகின்றன. எட்டும் ஒன்றாகத் தள்ளாடுவதால் எட்டும் சரி என்று தெரிகிறது. காலையில் சரியாக வைத்தது சாயங்காலத்துக்குள் பத்து நிமிஷம் பின்னால் போய்விடுகிறது.

அப்படியென்றால் முந்நூறு பேரும் தினமும் நாலரை தாண்டி, நாலு நாற்பது வரைக்கும் வேலை செய்துகொண்டிருந்தோம்.

இன்னொன்றும் பார்த்தேன். மீட்டருக்குப் பக்கத்தில் தொங்கிய நோட்டில் இன்ஜினியர் தினமும் காலையில் அந்த எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பக்கம் பக்கமாக நாற்பத்தெட்டரை, நாற்பத்தொன்பது. பெரிய படிப்புப் படித்தவர். ஒவ்வொரு நாளும் கடிகாரம் பொய் சொல்கிறது என்று தன் கையாலேயே எழுதியிருக்கிறார், அது கடிகாரத்தைப் பற்றிய செய்தி என்று தெரியாமல்.

இரண்டு முகம்

விசாரணை மறு வாரம். டைம் ஆபீஸுக்கு அடுத்த அறை. விசாரிக்க வெளியிலிருந்து ஒரு வயதான வக்கீல் வந்திருந்தார். ஜெனரேட்டரை மாதம் ஒரு முறை சும்மா ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த மாதத்து ஓட்டத்தை நான் அன்றைக்கு வைத்துக்கொண்டேன். ஜெனரேட்டர் ஷெட்டிலிருந்து அந்த அறைக்கு ஒயர் இழுத்தேன். ஒரே மாதிரி இரண்டு கடிகாரத்தை மேஜைமேல் சாய்த்து வைத்தேன். ஒன்று வெளிக் கரண்ட்டில், இன்னொன்று என் ஜெனரேட்டர் கரண்ட்டில்.

"என்ன ஏழுமலை இது, டிராமாவா?" என்றார் இன்ஜினியர்.

"சாட்சி சார். பேசத் தெரியாத சாட்சி. மூணு மணி நேரம் உக்காரட்டும்."

வக்கீல் மூக்குக் கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார். "கடிகாரம் சரி என்று கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே?"

"நான்தாங்க."

"இப்போது என்ன சொல்ல வருகிறீர்கள்?"

"நான் ஒண்ணும் சொல்லலீங்க. அது சொல்லும்."

பத்து மணி. ரங்கப்பா, கலாவதி, இன்ஜினியர், வக்கீல் எல்லோர் முன்னாலும் ரேடியோ பீப் கேட்டு இரண்டையும் பத்துக்கு வைத்தேன். விசாரணை நடந்தது. பதிவேட்டைப் படித்தார்கள், கேள்வி கேட்டார்கள். ஆனால் யார் கவனமும் அதில் இல்லை. எல்லார் கண்ணும் மேஜைமேல்தான். பத்தரைக்கு நிமிஷ முள்கள் கொஞ்சம் பிரிந்தன. பதினொன்றரைக்கு நன்றாகவே பிரிந்துவிட்டன. பன்னிரண்டு மணி வாக்கில் வக்கீல் கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டார்.

ஒரு மணி நெருங்கும்போது வெளிக் கரண்ட் கடிகாரம் ஐந்து நிமிஷம் பின்னால் நின்றது.

"இதில் எது சரி என்று யார் சொல்வது?" என்றார் வக்கீல்.

"ரங்கப்பா சார் ரேடியோவைத் திறங்க" என்றேன்.

மத்தியானச் செய்திக்கு முன்னால் பீப் வந்தது. கடைசிப் பீப் ஒலித்தபோது ஜெனரேட்டர் கடிகாரத்தின் நொடி முள் சரியாகப் பன்னிரண்டைத் தொட்டது. கலாவதி தன் கையைத் தூக்கி, வாட்ச்சை அந்தக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். 

பேசியது ரங்கப்பாதான். "அய்யோ ராமா! இஷ்டு வர்ஷ நானு சுள்ளு பரீதித்னா?" என்று கன்னடத்தில் சொல்லித் தலையில் கை வைத்தார். இத்தனை வருஷமும் நான் பொய்யையா எழுதிக்கொண்டிருந்தேன் என்று. அவர் கண் கலங்கியது. நேர்மையான மனிதர்.

கலாவதியின் வேலை தப்பியது. பால்வாடிப் படியில் அந்தக் குழந்தை அதன்பிறகு உட்காரவில்லை. மறுநாளிலிருந்து சாயங்காலச் சங்கும் ரேடியோவைக் கேட்டே ஊதியது. நாலு நாற்பது பஸ் டிரைவருக்கு அன்று எங்கள் ஆட்கள் டீ வாங்கிக் கொடுத்தார்கள். எதற்கு என்று அவருக்கு விளங்கவே இல்லை.

பித்தளைத் தகடு

கொஞ்ச நாளில் கம்பெனி எட்டுக் கடிகாரத்தையும் இறக்கிவிட்டு பேட்டரி கடிகாரம் மாட்டியது. மேனேஜ்மென்ட்டுக்குப் போன அறிக்கையில் நேரக் கோளாறைக் கண்டுபிடித்தவர் இன்ஜினியர் என்று இருந்தது. எனக்கு அதில் ஒரு வார்த்தை: "ஊழியர் உதவியுடன்". அவரைப் பாராட்டிக் கடிதம் கொடுத்தார்கள்.

நான் சும்மா இருந்தேன். நான், ஏழுமலை, சும்மா இருந்தேன். ஏன் தெரியுமா? என் பெயரை இழுத்தால் அந்தப் பழைய காகிதமும் வெளியே வரும். சுழியும் கோடும் போட்ட கையெழுத்து. ஒரு பெண்ணின் வேலையைப் பறிக்க இருந்த காகிதம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து, ஒரு நாள் சாயங்காலம் என் ஹாலில் உட்கார்ந்திருந்தேன். பதினொரு கடிகாரத்தின் ரீங்காரமும் கொஞ்சம் சுருதி ஏறியிருந்தது. ரேடியோவோடு ஒத்துப் பார்த்தேன். சாயங்காலத்திலும் மணி சரி. யாரோ எங்கேயோ கரண்ட்டைச் சரிசெய்துவிட்டார்கள். "என்ன தனியா சிரிக்கிறீங்க?" என்றாள் சரோஜா. நாலு மாநிலத்துக்கும் நாடி சரியாகிவிட்டது என்றேன். அவள் என் நாடியைப் பிடித்துப் பார்த்தாள்.

அதற்கும் சில வருஷம் பிறகு கலாவதியிடமிருந்து போன். எங்கள் தொழிற்சாலை அதற்குள் மூடியாயிற்று. அவள் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர்.

"அண்ணா, நம்ம கேட்டு கடியாரம் இங்க தொங்குது. தினமும் நான்தான் துடைக்கிறேன்."

எங்கள் முதலாளியின் மகன் நடத்துகிற கம்பெனியாம் அது. போனேன். செக்யூரிட்டி என் பெயர், ஊர், யாரைப் பார்க்க வேண்டும் எல்லாம் கேட்டான். "கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்" என்றேன். கலாவதி வந்து அழைத்துப்போனாள்.

வரவேற்பு ஹாலில், பளபளக்கும் சுவரில், ஒரு காலத்தில் அந்த எட்டில் ஒன்றாக எங்கள் கேட்டுக்கு மேலே மழையிலும் வெயிலிலும் நின்ற பெரிய கடிகாரம். வெளிர்மஞ்சள் முகம், இரும்பு வளையம். ஓடிக்கொண்டிருந்தது. கழுத்தில் பட்டை மாட்டிய பிள்ளைகள் அதன் கீழ் நின்று, செல்போனை எடுத்து மணி பார்த்துவிட்டுப் போனார்கள். நான் கிட்டே போய்க் காது வைத்தேன். அதே ரீங்காரம்.

கீழே பித்தளைத் தகடு. ஆங்கிலம். கலாவதிக்கு இப்போது ஆங்கிலம் படிக்கத் தெரியும், மகள் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஒவ்வொரு சொல்லாகப் படித்து அர்த்தம் சொன்னாள். இந்தக் கடிகாரங்களின் நேரப் பிழையைக் கண்டறிந்து தொழிலாளர்களுக்கு நியாயம் செய்தவர் என்று போட்டு, இன்ஜினியர் பெயர்.

"தினமும் இந்தப் பேரைத் துடைச்சி மினுக்க வைக்கிறேண்ணா" என்றாள்.

"பத்திரிகையில எழுதறேம்மா. என் பேரைப் போடச் சொல்லி எழுதறேன். உன் பேரையும்."

"எழுது. ஆனா மொதல்ல போட்ட கையெழுத்தையும் எழுதுவியா?"

நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு சுற்று முழுதாக வந்தது.

"எழுதறேன்" என்றேன்.

எழுதிவிட்டேன். இனி அந்தக் கம்பெனிக்காரர்களுக்கு நான் சொல்வது: கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்து பாருங்கள். காயிலைப் பச்சை நூலால் கட்டியிருக்கும். அந்த முடிச்சு என்னுடையது, பெங்களூரில் வேறு எவனும் அப்படிப் போட மாட்டான். இன்ஜினியர் பெயரை எடுக்க வேண்டாம், இருக்கட்டும். தினமும் அந்த எண்ணை எழுதி வைத்தவர். அதற்கு மேலே முதல் வரியில் கலாவதி என்று போடுங்கள். தன் வாட்ச்சைத் திருப்பாதவள். இரண்டாம் வரியில் என் பெயர். கடிகாரம் சரி என்று கையெழுத்துப் போட்டவன், பிறகு அது தப்பு என்று நிரூபித்தவன், வ. ஏழுமலை, எலக்ட்ரீஷியன், ஐந்தாம் வகுப்பு. இரண்டையும் போடுங்கள். ஒன்றை விட்டாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தகட்டில் இடம் போதாது என்றால் பெரிய தகடாக வாங்குங்கள்.